மூளை இழைய தானம்: வார்டு வாசலில் கேட்கக் கூடாதது

எச்.ஐ.வி. தொற்றியவரின் மூளை இழையத்தை ஆய்வுக்குப் பெறுவதில் பெருந்தவறு ஆய்வுகூடத்தில் நடப்பதில்லை. வார்டு வாசலில் நடக்கிறது. உயிர் பிரிந்தவுடன் உறவினரைக் கூப்பிட்டு, "எச்.ஐ.வி. ஆய்வுக்கு மூளையைத் தருவீர்களா, அம்மா?" என்று கேட்டுவிடுகிறார்கள். மனைவிக்குத் தெரிந்திருக்கலாம், பக்கத்தில் நிற்கும் மைத்துனருக்குத் தெரியாது. கொழும்பு கொட்டாஞ்சேனைச் சாவீட்டுக்கு அந்தச் செய்தி பிரேதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். ஆயுள் முழுதும் காத்த இரகசியம் ஒரு சம்மதப் படிவத்தால் உடைவது எந்த ஆய்வுக்கும் தகாது.

ஆகவே அவர் உயிரோடிருக்கும்போதே, சிகிச்சை நிலையத்தின் மூடிய அறையில், அவரிடமே பேச வேண்டும். யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே எழுதி வாங்க வேண்டும். இழையங்களை ஆய்வுக்கு வழங்க இலங்கையின் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் இடமளிக்கிறது. அதைக் காட்டி நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தள்ளிப்போடக் கூடாது.

முன்கூட்டியே பேசுவதற்கு அறிவியல் காரணமும் உண்டு. இந்த வைரஸ் மூளையில் பெரும்பாலும் நரம்புக் கலங்களை விட்டுவிட்டு, காவற் கலங்களான மைக்ரோகிளியாவில் குடியேறி அழற்சியை மூட்டுகிறது. ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்களிலும் சிலருக்கு மறதியும் மந்தமும் தொடர்கின்றன. அந்த மறதி வாழ்நாளில் அளக்கப்படாதிருந்தால், இறந்தபின் கிடைக்கும் இழையத்தை எதனோடு ஒப்பிடுவது? அமெரிக்காவில் 1998இல் உருவான தேசிய நியூரோ எய்ட்ஸ் இழையக் கூட்டமைப்பு, கொடையாளர்களை முன்பே சேர்த்து நினைவாற்றலையும் நரம்புகளையும் காலந்தோறும் பரிசோதித்து வருவது இதனால்தான்.

அடுத்தது பிரேதத்தைத் தயார்செய்யும் மலர்ச்சாலை. கொழும்பில் பிரேதத்தை விரைவாக எம்பாம் செய்து, அதாவது கெடாதிருக்க ஃபோர்மலின் மருந்தை ஏற்றி விடுகிறார்கள். ஃபோர்மலின் ஏறிய மூளையில் கலங்களின் அமைப்பு நிற்கும், ஆனால் கலங்களுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறின் ஆய்வுக்கு அது அநேகமாக உதவாது. முதலில் இழையம் எடுத்து, ஒரு பகுதியை ஃபோர்மலினிலும் மறு பகுதியை −80 பாகை செல்சியஸிலும் வைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம். முள்ளந்தண்டுத் திரவத்தையும் எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

முகம் சிதையுமோ என்பதுதான் குடும்பத்தின் உண்மையான அச்சம். வெட்டு தலையின் பின்புறமாகவே போகும், பெட்டியைத் திறந்து வைக்கலாம் என்று யாராவது வாய் திறந்து சொன்னால் என்ன?

தொற்றில்லாதவர்களின் மூளையைத் தேவையில்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. ஒப்பீட்டுக்கு அது அவசியம். அதோடு, எல்லோரையும் சேர்க்கும் பதிவேட்டில் ஒருவரின் பெயர் இருந்தால், அதை வைத்து அவருக்கு என்ன நோய் என்று யாரும் ஊகிக்க முடியாது.