ஊசி அட்டையும் மதியச் சாப்பாடும்: அமெரிக்கப் பள்ளி வாசலில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை பிறந்துவிட்டால் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பம், ஐந்து வயதுக் குழந்தை, கிண்டர்கார்டன் சேர்க்கை. "அக்கா, எல்லா ஊசியும் போட்டுத்தான் கூட்டி வந்தோம். இன்னும் பாக்கி இருக்கிறது என்கிறார்கள். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பார்த்ததும் வயிறு எரியும். நான் செய்த அதே தவறு, அதே வரிசையில்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் உங்கள் மாநிலத்துப் பட்டியலையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது, கடைசி நாளில் போய் வரிசையில் நிற்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்கு ஒரு கட்டுரை தேவையில்லை.

தேதியைப் பார்க்காமல் ஊசியை மட்டும் எண்ணுவது

எனக்கு இன்றைக்கும் ஆறாத தவறு இதுதான்.

கிண்டர்கார்டனுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) இரண்டு தவணை வேண்டும். என் மகளின் அட்டையில் இரண்டு இருந்தன: 9 மாதத்தில் ஒன்று, 15 மாதத்தில் ஒன்று. கணக்குச் சரி என்று நிம்மதியாகப் போனோம். பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மாள் பிறந்த தேதியைப் பார்த்தார், ஊசித் தேதியைப் பார்த்தார், முதல் ஊசியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இது கணக்கில் வராது."

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் நாட்டில் மருத்துவர் போட்ட ஊசி எப்படிச் செல்லாமல் போகும் என்று அரை மணி நேரம் வாதாடினார். நானும் சேர்ந்துகொண்டேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே வரியைத் திருப்பிச் சொன்னார்.

காரணம் எளிது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடலில் மிச்சமிருக்கும்போது போடும் தட்டம்மை ஊசி சில குழந்தைகளுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. ஆனால் நோய் அதிகம் பரவும் இடத்தில் ஒரு வயது வரை காத்திருப்பதும் ஆபத்து. அதனால் இந்தியாவில் 9 மாதத்திலேயே ஒன்றைப் போட்டுவிட்டுப் பிறகு இன்னொன்றும் போடுகிறார்கள். அமெரிக்காவில் முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்டதைத்தான் எண்ணுகிறார்கள். நான்கு நாள் வரை முன்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நம் மருத்துவர் செய்தது தவறில்லை, பள்ளி சொன்னதும் தவறில்லை. நாங்கள் கௌரவப் பிரச்சினையாக்கியதுதான் தவறு.

அதற்கு மேல் நான் செய்ததுதான் முட்டாள்தனம். சின்னம்மை ஊசி மகளுக்குப் போட்டதே இல்லை. இந்திய அரசின் இலவசப் பட்டியலில் அது கிடையாது. இங்கே இரண்டு தவணை கட்டாயம். 'இது உண்மையிலேயே பாக்கிதான், போட்டுவிடலாம். எம்.எம்.ஆர்.தான் இரண்டு போட்டாயிற்றே, அதை மட்டும் போட மாட்டோம்' என்று மறுநாளே கிளினிக்குக் கூட்டிப் போய்ச் சின்னம்மை ஊசியை மட்டும் போட்டுவந்தேன். ஒரு வாரம் மின்னஞ்சலில் சண்டை போட்டு, தோற்று, எம்.எம்.ஆருக்கு அதே கிளினிக்குப் போனபோது செவிலியர் தலையை ஆட்டினார். இரண்டுமே உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. ஒரே நாளில் இரண்டையும் போடலாம். தவறவிட்டால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். பள்ளியோ ஊசி போட்டுவிட்டு வா என்றுவிட்டது.

மகள் ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த மாதத்தில்தான் நான் ஒரு வேலையில் சேர வேண்டியிருந்தது. நாளைத் தள்ளிக் கேட்டேன். அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூடுதல் எம்.எம்.ஆர். ஊசியால் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்று முதல் நாளே செவிலியரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சின்னம்மையின் இரண்டாம் தவணைக்கு மூன்று மாதம் கழித்துத் தேதி குறித்து, நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் ஒரு சண்டையும் தேவைப்படவில்லை.

இதே போல இன்னும் சில கண்ணிகள் உண்டு. அரசு மருத்துவமனையில் போட்ட அட்டையில் 'எம்.ஆர்.' என்று இருந்தால் அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது, அதற்கு எம்.எம்.ஆர். போட்டே ஆக வேண்டும். போலியோ சொட்டு மருந்து எத்தனை முகாமில் கொடுத்திருந்தாலும், 2016 ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடுத்தவை இங்கே கணக்கில் வராது. மூன்று வகைக் கிருமிக்கும் எதிரான பழைய சொட்டு மருந்து அந்த மாதத்தோடு உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டு, இரண்டு வகைக்கு மட்டுமான மருந்து வந்ததுதான் காரணம். ஊசியாகப் போட்டதைத்தான் பார்ப்பார்கள். போலியோவிலும் முத்தடுப்பிலும் (தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு) நான்காம் பிறந்த நாளுக்குப் பிறகு ஒரு தவணை இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் மொத்தத் தவணையில் ஒன்று குறைந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

03/11 என்று எழுதிய தேதி

நமக்கு நவம்பர் 3. அமெரிக்கருக்கு மார்ச் 11. போன ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு பையனின் சரியான ஊசி ஒன்று இந்தக் குழப்பத்தில் முதல் பிறந்த நாளுக்கு முன்னால் போய்ச் செல்லாததாகிவிட்டது.

கிளம்புவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, எல்லா ஊசிகளையும் மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு, ஆங்கிலத்தில், மருத்துவமனைத் தாளில் தட்டச்சுச் செய்து, கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பிறந்த அன்று போட்ட ஊசிகள் 'பேபி ஆஃப் இன்னார்' என்ற பெயரில் தனி அட்டையில் கிடக்கும். அதையும் இதில் ஏற்றச் சொல்லுங்கள்.

காசநோய்ச் சோதனையைத் தோலில் செய்ய விடுவது

கலிஃபோர்னியாவில் சில கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) சேர்க்கையின்போது காசநோய் பற்றியும் கேட்கும். நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் செய்யும் சோதனை சில நேரம் வீங்கி, நோய் இருப்பது போலக் காட்டும். பிறகு எக்ஸ்ரே, அலைச்சல், கவலை. பி.சி.ஜி. போட்ட குழந்தை, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று முதலிலேயே கேளுங்கள். ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்புவதில்லை.

காப்பீடு வரட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். காப்பீடு இல்லாத, 19 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகத் தரும் மத்திய அரசுத் திட்டம் 1994 முதல் இருக்கிறது. கவுண்டி சுகாதாரத் துறையை அழைத்தால் எந்தக் கிளினிக் என்று சொல்லிவிடுவார்கள். ஊசி போடுவதற்கான சிறு கட்டணம் கேட்கலாம். கட்ட முடியாது என்பதற்காக ஊசியை மறுக்கக் கூடாது.

விலக்குக் கடிதம் தேடுவது

கலிஃபோர்னியாவில் 2016 முதல் ஊசியிலிருந்து விலக்குக் கேட்க மதமோ சொந்தக் கொள்கையோ காரணமாகச் செல்லாது. மருத்துவக் காரணம் ஒன்றுதான்.

எல்லாப் படிவத்துக்கும் ஒரே மாதிரி பயப்படுவது

ஊசிப் படிவம் குழந்தையை வாசலில் நிறுத்தும். பல் பரிசோதனைப் படிவம் நிறுத்தாது. முடியாவிட்டால் காரணத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட அதிலேயே இடம் இருக்கிறது. இதைப் படிக்காமல் அவசரமாகப் பல் மருத்துவருக்குக் கைக்காசைக் கொட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

பையில் காய்ச்சல் மாத்திரை

கூடாது. மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்ட தாளும் உங்கள் கையெழுத்தும் இல்லாமல் பள்ளி எந்த மாத்திரையையும் கொடுக்காது.

"சைவம் தந்தே ஆக வேண்டும்" என்று கடிதம் எழுதுவது

இனிச் சாப்பாடு. கலிஃபோர்னிய அரசுப் பள்ளிகளில் 2022–23 கல்வியாண்டு முதல் காலை உணவும் மதிய உணவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். ஆனால் புலால் உண்ணாத வீட்டார் முதல் வாரமே கொதித்துப்போகிறார்கள்.

விதியைத் தெரிந்துகொண்டு கொதியுங்கள். மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில், உடல்நிலை காரணமாக ஓர் உணவு ஆகாது என்று உரிமம் பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பள்ளி மாற்று உணவு தந்தாக வேண்டும், அதற்குக் கூடுதல் பணமும் கேட்கக் கூடாது. மதமும் விருப்பமும் அந்தக் கணக்கில் வராது; தரலாம், தராமலும் இருக்கலாம். ஆகவே "எங்கள் உரிமை" என்று தொடங்கும் கடிதத்தை விட, "மாதப் பட்டியலில் எந்தெந்த நாள் இறைச்சி இல்லாத உணவு இருக்கிறது?" என்று உணவுக்கூட மேலாளரிடம் கேட்கும் இரண்டு வரி அதிகம் வேலை செய்யும்.

"வேண்டாம் என்ற குழந்தையின் தட்டில் ஆப்பிளைத் திணிக்கிறார்கள்" என்பது இன்னொரு புகார். தட்டில் வைக்க ஐந்து வகை உண்டு: புரதம், தானியம், காய், பழம், பால். பெரும்பாலான பள்ளிகளில் குழந்தை குறைந்தது மூன்றை எடுத்தால் போதும், ஆனால் அதில் அரைக் கோப்பை பழமோ காயோ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தட்டுக்குப் பள்ளிக்கு மத்திய அரசுப் பணம் வராது. பரிமாறும் அம்மாள் அடம்பிடிப்பது அதனால்தான். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: இறைச்சியையும் பாலையும் விட்டுவிட்டு ரொட்டி, காய், பழம் எடுத்தாலும் கணக்குச் சரியாகிவிடும். இதைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். பீட்ஸாவின் மேல் சிவப்பாக வட்டமாக இருப்பது தக்காளி இல்லை, இறைச்சி என்பதையும் படம் காட்டிச் சொல்லிவிடுங்கள். என் மகள் இரண்டு மாதம் அதைத் தக்காளி என்றே நம்பினாள்.

பொய் ஒவ்வாமை

முட்டை வேண்டாம் என்பதற்காகச் சேர்க்கைப் படிவத்தில் 'முட்டை ஒவ்வாமை' என்று எழுதினார் ஒரு தம்பி. பள்ளிச் செவிலியர் அன்றே அழைத்து மருத்துவர் கடிதம் கேட்டார், அவசர ஊசி எங்கே என்று கேட்டார். பிறந்த நாள் கேக் வந்த அன்று வகுப்பே சாப்பிட, பையன் மட்டும் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தான். வீட்டில் தினமும் கேக் சாப்பிடும் பையன்.

வருமானப் படிவத்தைக் குப்பையில் போடுவது

சாப்பாடுதான் இலவசமாயிற்றே என்று போட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கு வரும் நிதியில் ஒரு பகுதி அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஐந்து நிமிட வேலை.

எவர்சில்வர் டப்பா

வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறவர்கள், மூடியைக் குழந்தையால் தானே திறக்க முடிகிறதா என்று பாருங்கள். என் மகள் முதல் வாரம் முழுக்க இட்லியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். பிடிக்கவில்லை என்று நினைத்து நான் திட்டிக்கொண்டிருந்தேன்.