கட்டிக்குள்ள ஆர் ஆரோட கதைக்கினம்: சைற்றோகைன் பாடமாக்காமல் படிக்கிறது எப்பிடி

என்ர பெறாமகள் கம்பஸில ரெண்டாம் வருசம், போன கிழமை ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு பக்கத்துக்கு சைற்றோகைன் பேர்தான், செல்லுக்குச் செல் சேதி சொல்ல விடுற சின்னப் புரதங்கள் அது, பச்சைப் பேனையால "நல்லது", சிவப்பால "கூடாது" எண்டு போட்டு வைச்சிருக்கிறாள். இன்ரர்ஃபெரோன் காமாவுக்குப் பச்சை, ரீஜிஎஃப் பீற்றாவுக்குச் சிவப்பு. "சித்தி, உதெல்லாம் எப்பிடிப் பாடமாக்கிறது?" எண்டு கேட்டாள். பாடமாக்காத, முதல்ல உந்த ரெண்டு பேனையையும் அங்கால வை எண்டன்.

ஒரு வெத்துத் தாளை எடுத்து ஒரு கட்டியைக் கீறுங்கோ. கான்சர் செல்லை மட்டும் கீறினா காணாது. இரத்தக்குழாய், நார் பின்னுற ஃபைப்ரோபிளாஸ்ற், கிருமியையும் கழிவையும் விழுங்குற மக்ரோபேஜ், பழுதான செல்லைத் தேடிக் கொல்லுற ரி செல், அந்த ரி செல்லை அடக்குற ரீறெக் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கட்டிக்குள்ள வெள்ளை அணுக்கள் இருக்குது எண்டு ஜேர்மன் மருத்துவர் வீர்ஹோ 1863 லயே சொல்லிப்போட்டார், அதால இது புதுக்கதை இல்லை. பேந்து ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூண்டு கேள்வி மட்டும் எழுதுங்கோ: ஆர் விடுறது, ஆரிட்ட அதுக்கு றிசெப்ரர் (அந்தச் சிக்னலைப் பிடிக்கிற காது) இருக்கு, எவ்வளவு காலமா நடக்குது. நல்லதோ கூடாதோ எண்ட கேள்வியே வேண்டாம்.

இன்ரர்ஃபெரோன் காமாவை இப்பிடிப் போட்டுப் பாப்பம். விடுறது ரி செல்லும், பழுதான செல்லைக் கொல்லுற இன்னொரு வெள்ளை அணுவான என்கே செல்லும். மக்ரோபேஜ் அதைக் கேட்டிட்டு சிஎக்ஸ்சிஎல் 9, 10 எண்டு வேற சிக்னலை விட்டு இன்னும் ரி செல்லைக் கூப்பிடும். கான்சர் செல்லும் அதைக் கேக்கும், கேட்டவுடன தனக்குள்ள இருக்கிற புரதத் துண்டுகளை செல்லுக்கு மேல இருக்கிற எம்எச்சி கிளாஸ் 1 எண்ட தட்டில வைச்சு வெளியில கூடக் காட்டும், ரி செல்லுக்கு ஆளை அடையாளம் பிடிக்கச் சுகம். இதுவரைக்கும் பச்சை சரி. ஆனா அதே செல் அதே சிக்னலைக் கேட்டு, செல்லுக்குள்ள சேதியைக் கடத்துற அதே ஜாக்-ஸ்ராற் பாதையால பீடி எல் 1 எண்ட புரதத்தையும் மேல தூக்கி வைக்கும், அது ரி செல்லில இருக்கிற பீடி 1 எண்ட றிசெப்ரரில போய்ப் பிடிச்சா ரி செல் சோர்ந்து போகும். பீடி 1 ஐக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜப்பான்காரர் ஹொன்ஜோவுக்கு, அமெரிக்கர் அலிசனோட சேர்த்து, 2018 இல மருத்துவ நோபல் குடுத்தவை. அந்த இடத்தை மறிக்கிற மருந்துதான் இப்ப கன கான்சருக்குக் குடுபடுது. சில கட்டியில ஜாக் ஜீனே பழுதாப் போயிருக்கும், அப்ப செல்லுக்கு இன்ரர்ஃபெரோன் காதிலயே விழாது, மருந்தும் வேலை செய்யாமல் போகலாம். இப்ப சொல்லுங்கோ, எந்தப் பேனை?

ரீஜிஎஃப் பீற்றா இதை விடச் சுழியன். தொடக்கத்தில மேல்தோல் செல்லைப் பெருக விடாமல் பிடிச்சு வைக்கிறதே அதுதான். காலம் போகப் போக கான்சர் செல் அந்தச் சிக்னலைக் கேக்காத மாதிரி மாறிப்போகும், கணையத்தில ஸ்மாட் 4 ஜீன் இல்லாமல் போறது அப்பிடி ஒண்டு. ஆனா பக்கத்தில நிக்கிற ஃபைப்ரோபிளாஸ்ற் வடிவாக் கேக்கும், கேட்டுக் கொலாஜினைப் பின்னிப் பின்னி வேலி அடைக்கும். எங்கட கிடுகுவேலியை நினைச்சுக்கொள்ளுங்கோ, ரி செல் ஒழுங்கையில வந்து நிக்குது, வளவுக்குள்ள போகப் பொட்டு இல்லை.

உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. எங்கட அப்பம்மா பாக்கு இடிச்ச சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது, "புகையிலை போடேல்லத்தானே, வெறும் பாக்கு" எண்டு சொல்லுவா. வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் எண்டு 2004 இல உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதலாம் தொகுதியில, அதாவது உறுதியாத் தெரிஞ்ச சாமான்களோட, போட்டிட்டுது. பாக்கில இருக்கிற அரெக்கோலின் வாய்த்தோலில ரீஜிஎஃப் பீற்றாவைக் கிளப்பும், தோலுக்குக் கீழ நார் கட்டி வாய் திறக்கேலாமல் வரும், ஒரு கரண்டி சோறு வைக்கவே கஷ்டம். அது கான்சர் இல்லை, ஆனா பிறகு கான்சராகக்கூடிய நிலை. எவ்வளவு காலமா எண்ட மூண்டாவது கேள்வி ஏன் எண்டு இதில விளங்கும். நாலு நாள் புண்ணை ஆத்துற சிக்னல்தான், நாப்பது வருசம் நிண்டா வேற வேலை பாக்கும்.

ஐஎல் (இன்ரர்லூகின்) 6, ஐஎல் 10 எண்ட மற்றச் சைற்றோகைன் எல்லாத்தையும் இப்பிடியே போட்டுக்கொண்டு போகலாம், இங்க இழுக்கேல்ல.

ஆய்வுப் பேப்பர் வாசிக்கேக்க முதல் பாக்கிறது எங்க அளந்தவை எண்டு. சைற்றோகைன் கனக்க பக்கத்துவீட்டுக் கதைதான், செல்லுக்குச் செல் கிட்டத்தில வேலை செய்யிறது, அதால இரத்தத்தில வாற அளவும் கட்டிக்குள்ள இருக்கிற அளவும் ஒண்டு இல்லை. ஈரல் இரத்தத்தில விடுற சிஆர்பி எண்ட அழற்சிப் புரதம் கூடியிருக்கு எண்டா ஈரலுக்கு ஐஎல் 6 கேட்டிருக்கு எண்டுதான் பெரும்பாலும் அர்த்தம், அது கட்டியில இருந்துதான் வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, ஒரு காய்ச்சலுக்கும் கூடும். பேந்து எலியிலயோ மனிசரிலயோ எண்டும் பாருங்கோ. மனிசரில எண்டா 2017 இல வந்த கன்ரோஸ் ஆய்வை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ, மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல, ஐஎல் 1 பீற்றாவை மறிக்கிற மருந்தை இதயத்துக்கு எண்டு குடுத்துப் பாக்க, நுரையீரல் கான்சரால செத்த ஆக்கள் குறைஞ்சிருந்தது. பிறகு கான்சர் ஏற்கனவே வந்த ஆக்களுக்குக் கீமோவோட சேர்த்துக் குடுத்துப் பாத்தவை, எதிர்பாத்த பலன் வரேல்ல. மூலக்கூறு ஒண்டுதான், காலம்தான் வேற.

"எதிர்ப்புச் சக்தி கூட்டுற" பவுடர் எண்டு ஃபோனில வாறதை வாங்கிற ஆக்களிட்ட நான் ஒரு கேள்விதான் கேக்கிறனான், எந்த செல்லின்ர சக்தியை எண்டு. ரீறெக்கும் எதிர்ப்புச் செல்தான் பாருங்கோ.

பெறாமகளுக்குக் கடைசியா ஐஎல் 2 ஐக் குடுத்து விட்டன், உங்களுக்கும் அதுதான் வேலை. ரி செல்லைப் பெருக்கிற சாமான், 1992 இல அமெரிக்காவில சிறுநீரகக் கான்சருக்கு மருந்தா அனுமதிச்சது. ஆனா அதை இறுக்கிப் பிடிக்கிற சிடி 25 றிசெப்ரர் ரீறெக்கிட்ட எப்பவும் கனக்க இருக்கு. கொஞ்சமாக் குடுத்தா முதல்ல ஆர் குடிச்சு முடிப்பினம் எண்டு தாளில கீறிப் பாருங்கோ, பென்சிலால.