போர்க்கள மண் செப்புகள்: பழமையை அறிவதும் பேணுவதும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணில் வனைந்தது என்று சொல்லிக் கட்டைவிரல் உயரச் செப்பை, அதாவது சிறிய மண் செம்பையோ குடுவையையோ, நெல்லைச் சீமையில் எவரேனும் உங்களிடம் நீட்டினால், நிறத்தை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். ஒரே களிமண், சூளையில் காற்றோட்டம் இருந்தால் சிவந்தும் புகையை அடைத்துவிட்டால் கறுத்தும் வரும். ஆகவே குருதியில் சிவந்த மண் என்ற பேச்சு நெஞ்சைத் தொட்டாலும் சான்றாகாது.

எழுத்துதான் சான்று. ஊர்ப்பெயர் கீறப்பட்டிருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஈரமண்ணில் கீறிய கோட்டின் இரு கரையிலும் மண் ஒதுங்கி மெல்லிய வரப்புப்போல நிற்கும். சுட்டபின் கீறியதிலோ ஓரம் பொடிந்து, உள்ளே வெளிறிய புதுநிறம் தெரியும்; அப்படியானால் பெயரைப் பின்னால் சேர்த்திருக்கலாம். அடியில் அச்சுச் சீட்டு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. 'லை', 'னை' ஆகியவை யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த பழைய வடிவில் இருந்தால், அது பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. பாஞ்சாலங்குறிச்சி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; அதன்பின் 1997 வரை சிதம்பரனார் மாவட்டம் என்றும், பிறகு தூத்துக்குடி மாவட்டம் என்றும் பெயர் மாறியதால், சீட்டிலுள்ள மாவட்டப் பெயரே காலத்தைச் சொல்லிவிடும். இப்போதுள்ள நினைவுக் கோட்டையின் தோற்றம் பொறித்திருந்தால், அந்தச் செப்பு 1974க்கு முந்தியதாக இருக்க முடியாது. கட்டபொம்மன் குடும்பத்தாரின் பழைய கோட்டையை 1801ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்திலேயே போலி நினைவுப்பொருள்கள் விற்பனையாயின என்பதால், இவ்வளவு சோதிப்பது மிகையன்று.

கையில் வந்தபின் தண்ணீரில் கழுவாதீர்கள். தாழ்ந்த சூட்டில் வெந்த மண் நீரை உறிஞ்சும். காயும்போது உள்ளிருக்கும் உப்பு வெண்மையாகப் பூத்து மேற்பரப்பை உரிக்கும். என் அத்தை வைத்திருந்த சிறு குடுவையை நான் அப்படிக் கழுவியதில், அடியிலிருந்த மைக்கையெழுத்து அழிந்தது. அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. மென்மயிர்த் தூரிகையால் உலர்ந்த தூசியைத் தட்டினால் போதும். வார்னிஷ் பூசவே கூடாது. எடுக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் ஒரு கையை அடியில் கொடுங்கள்.

யாரிடமிருந்து வந்தது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியிட்டு எழுதிச் செப்போடு சேர்த்து வையுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட பொருளாயின், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.