பிளாக்ஜாக்கில் துணை எண்ணிக்கை: ஏஸ் கணக்கு எங்கே சறுக்குகிறது?

வெளிவரும் சீட்டுகளுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டிவரும் முதன்மை எண்ணிக்கையில் தேறியவர்கள் ஏஸ்களைத் தனியாக எண்ணத் தொடங்கும்போது, ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதை அருகிலிருந்து பார்க்கிறேன். எண்ணிக்கை இடையில் விட்டுப்போவது போன்ற தடுமாற்றங்கள் பழக்கத்தில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பந்தயத்துக்கான திருத்தத்தோடு கையை ஆடுதல்

ஹை-ஆப்ட் 1 முறையில் 3 முதல் 6 வரையான சீட்டுகளுக்கு +1, பத்து மதிப்புள்ளவற்றுக்கு −1, ஏஸ் உட்பட மற்றவற்றுக்குப் பூஜ்யம். ஏஸ் மிகுந்திருந்தால் பிளாக்ஜாக் (ஏஸும் பத்தும் சேர்ந்த முதல் இரண்டு சீட்டுகள்) விழும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே பந்தயத் தொகையை முடிவுசெய்யும்போது, இயல்பைவிடக் கூடுதலாக எஞ்சியுள்ள ஒவ்வொரு ஏஸுக்கும், அதுவரை கூட்டிவந்த ஓடும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறோம். சீட்டுகள் கைக்கு வந்ததும் அந்தக் கூட்டலை நீக்கிவிட வேண்டும். 16 வைத்திருப்பவருக்கு ஏஸ் சிறிய சீட்டுதான், அது வந்தால் கை 17 ஆகுமே தவிர 21-ஐத் தாண்டி உடையாது.

நான் நீக்கவில்லை. இரண்டு கட்டு ஆட்டம் ஒன்றில் 52 சீட்டுகள் எஞ்சியிருந்தன. ஓடும் எண்ணிக்கை +2. அதுவரை வெளிவந்த ஒரே ஏஸ் டீலரின் முன்னால் திறந்திருந்தது. மீதி ஏழு ஏஸ்கள், அதாவது இயல்பான நான்கைவிட மூன்று மிகுதி. பந்தயத்துக்காகக் கூட்டியது மனத்தில் அப்படியே நின்றதால், எண்ணிக்கை +5 என்று நம்பி, டீலரின் மறைந்த சீட்டு பத்து என்னும் பக்கப் பந்தயமான இன்சூரன்ஸை எடுத்தேன்.

இன்சூரன்ஸ் ஒன்றுக்கு இரண்டு தருவது. எஞ்சிய சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகள் இருந்தால்தான் அதில் ஆதாயம் உண்டு. அந்த 52-இல் ஏஸ்களைக் கழித்தால் 45. அவற்றில் 2, 7, 8, 9 ஆகியவை சுமார் 15; மீதி 30-இல் சிறியவற்றைவிடப் பத்துகள் இரண்டு அதிகம் என்பதால் பத்துகள் சுமார் 16. ஆக 52-இல் 16 முறை வென்று 32 பங்கு வரும், 36 முறை தோற்று 36 பங்கு போகும். நான் சாதகம் என்று கூட்டிய ஏஸ்கள் பத்துகளின் இடத்தையே அடைத்துக்கொண்டிருந்தன.

அன்று டீலரிடம் பத்து இருந்தது, வென்றேன். அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் என்னிடம் குடியிருந்தது. அண்மையில் என்னுடன் பயிற்சி செய்த இளைஞர் இதே நிலையில் “கூட்டினால் ஐந்து, இன்சூரன்ஸ் எடுக்கலாம்” என்று உற்சாகமாகச் சொன்னபோது, எனக்கு வந்த எரிச்சல் அவர்மேல் அல்ல.

வகுத்த பிறகு கூட்டுதல்

மிகுதியை ஓடும் எண்ணிக்கையில் கூட்டிய பின்னரே எஞ்சிய கட்டுகளால் வகுக்க வேண்டும். மூன்று கட்டுகள் எஞ்சியிருக்கையில் மூன்று ஏஸ் மிகுதி ட்ரூ கவுண்ட்டில் (அப்படி வகுத்து வரும் எண்ணில்) ஒரே ஒரு புள்ளிதான்.

கழிந்த சீட்டுகளைப் பாராமல் ஏஸை மட்டும் எண்ணுதல்

13 சீட்டுக்கு ஒரு ஏஸ் என்பதோடு ஒப்பிடாத எண்ணால் பயனில்லை.

ஏழுகளையும் எல்லா ஆட்டத்திலும் எண்ணுதல்

டீலரின் பத்துக்கு எதிரே 14 வைத்திருப்பவரை 21-க்குக் கொண்டுசெல்வது ஏழு. ஒற்றைக் கட்டு ஆட்டத்தில் அந்த 14 இரண்டு ஏழுகளால் ஆனதென்றால், இருக்கும் நான்கில் இரண்டு கையிலேயே போய்விட்டதால், எண்ணாமல் ஆடுபவருக்கான அடிப்படை உத்தியே மேலும் சீட்டு வாங்காமல் நிற்கச் சொல்கிறது. அங்கே ஏழுகளை எண்ணுவதில் பொருள் உண்டு.

ஆறு கட்டுகளில் வேண்டாம்.

சிப்புகளை அடுக்கி ஏஸ் கணக்கு வைத்தல்

ஒருமுறை அவற்றையே பந்தயமாக வைத்துவிட்டேன். இப்போது பாதத்தின் நிலையை மாற்றி நினைவில் வைத்துக்கொள்கிறேன்.