பேட்டன்ட் மருந்தும் பொய் லேபிளும்: அமெரிக்கக் கதையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டன்ட் மருந்து என்றதும் காப்புரிமை வாங்கிய மருந்து என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமையே கிடையாது. காப்புரிமை கேட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே சொல்லியாக வேண்டுமே! அதனால் பெயரை மட்டும் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டு, சேர்மானத்தை மறைத்துவிட்டார்கள். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்’பில் இருந்தது மார்ஃபின் என்ற போதைப்பொருள். பெற்ற தாயே அதைத் தன் கையால் புகட்டியிருக்கிறாள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

1906-ல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்ததும் எல்லாம் ஒழிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. ஆல்கஹால், அபின், மார்ஃபின், கோகெய்ன் போன்றவை இருந்தால் எவ்வளவு என்று லேபிளில் போட வேண்டும், அதில் பொய் இருக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. விற்பதற்குத் தடையில்லை. போதாததற்கு, ‘1906 ஜூன் 30 சட்டத்தின்படி உத்தரவாதம்’ என்று ஒரு வரியும் லேபிளில் ஏறியது. உத்தரவாதம் தந்தவர் தயாரிப்பாளர். ஜனங்களோ அரசாங்கமே தந்ததாக நம்பினார்கள். இன்றைக்கும் ஒரு பாட்டிலில் சட்டத்தின் பெயரோ பதிவு எண்ணோ இருந்தால், போட்டது யார், எதற்கு என்று பார்த்துவிடுங்கள்.

சரி, ‘குணமாகும்’ என்ற பொய்? புற்றுநோய் மருந்தென்று விற்ற ஒருவரின் வழக்கில், சட்டம் தடுப்பது பொருள் இன்னதென்று சொல்லும் பொய்யைத்தான், பலனைப் பற்றிய பொய்யை அல்ல என்று 1911-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலனைப் பற்றி ஏமாற்றும் பொய்யையும் தடுக்க, அடுத்த வருடமே ஷெர்லி திருத்தம் என்ற சட்டத் திருத்தம் வந்தது. அதோடு ஓட்டை அடைபட்டது என்று எண்ணிவிடாதீர்கள். விற்றவர் ஏமாற்றும் எண்ணத்தோடுதான் சொன்னார் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டியிருந்தது. ‘நான் மனதார நம்பினேன்’ என்று அவர் சொன்னால் என்ன செய்வது? நீரிழிவுக்கென்று விற்ற ‘பான்பார்’ வழக்கில் அதுதான் நடந்தது. குணமானோம் என்று நோயாளிகள் எழுதிய கடிதங்களை விற்றவர் காட்டினார். அந்த நோயாளிகளின் இறப்புச் சான்றிதழ்களை அரசு காட்டியது. அப்படியும் அரசு தோற்றது. எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

வழக்கில் ஜெயித்தாலே தண்டனை கிடைத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். கிளார்க் ஸ்டான்லி என்பவர் மருந்தென்று விற்ற ‘பாம்பு எண்ணெயை’ச் சோதித்தபோது பெரும்பாலும் கனிம எண்ணெய்தான் இருந்தது; அபராதம் 20 டாலர்.

அப்புறம் 1937. ‘எலிக்சிர் சல்ஃபனிலமைடு’ என்ற திரவ மருந்தைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சைச் சேர்த்திருந்தார்கள். விற்குமுன் சோதிக்க வேண்டும் என்ற சட்டமே அப்போது இல்லை. எலிக்சிர் என்றால் ஆல்கஹாலில் கரைத்த மருந்து என்று பொருள்; ஆல்கஹால் இல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயர் வைத்ததுதான் அரசின் கைக்கு அகப்பட்ட குற்றம். அதை வைத்தே பாட்டில்களைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்தார்கள். மருந்து ஆபத்தில்லாதது என்று விற்பதற்கு முன்பே காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938-ல் வந்தது. உண்மையிலேயே பலன் தருகிறது என்றும் காட்டியாக வேண்டும் என்று வர 1962 ஆகிவிட்டது.