முதல் ஹாலோவீனா? பூசணியைக் கடைசியில் வெட்டுங்கள்

அமெரிக்காவில் செப்டம்பர் பாதி தாண்டுவதற்குள் கடை வாசல்களில் எலும்புக்கூடுகள் வந்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்துப் பதறி வண்டி நிறைய வாங்கிவிடாதீர்கள். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 மாலையில் குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற மூன்று மணி நேர விஷயம், மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான். எதை எந்த வாரத்தில் செய்வது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர்கள் தினம், அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அதற்கும் பின்னால், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் அயர்லாந்தில் கொண்டாடிய சௌவின் என்ற பழைய விழா இருக்கிறது. அன்றைக்கு இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவே உள்ள கதவு திறந்துவிடும் என்று நம்பினார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்காவுக்கு வந்ததும் பூசணிக்கு மாறிவிட்டார்கள். டர்னிப்பைக் குடைவது எவ்வளவு பெரிய தொல்லை என்று ஒருமுறை செய்து பார்த்தால் ஏன் மாறினார்கள் என்பது புரிந்துவிடும்.

அக்டோபர் முதல் இரண்டு வாரங்களை வெளியே சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பூசணித் தோட்டம், வைக்கோல் பரப்பிய டிராக்டர் வண்டியில் சவாரி, சோளக்காட்டுக்குள் வெட்டிய புதிர்ப்பாதை எல்லாம் அப்போது நடக்கும். சனி, ஞாயிறு மதியம் கூட்டம் நெரியும், காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். மழை பெய்திருந்தால் சேறு முழங்கால் வரை வரும், பழைய ஷூ போதும்.

கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் பெரிய விழாக்களும் உண்டு. மினசோட்டாவில் அனோகா என்ற ஊர் 1920 முதல் ஊர் கூடி ஹாலோவீன் கொண்டாடுகிறது. பையன்கள் அந்த இரவில் செய்த சேட்டைகளைத் தாங்க முடியாமல், வேறு ஏதாவது வேலை கொடுப்போம் என்று ஆரம்பித்ததுதான் அந்த ஊர்வலம். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் ஊர்வலம் 1974-ல் ரால்ஃப் லீ என்ற பொம்மலாட்டக் கலைஞர் தொடங்கியது, வேஷம் போட்டிருந்தால் நீங்களும் உள்ளே இறங்கி நடக்கலாம். மாசசூசெட்ஸில் உள்ள சேலத்துக்கு அக்டோபர் முழுக்கக் கூட்டம் வரும். அங்கே காரில் போவது வீண் வேலை, பார்க்கிங் கிடைக்காது, பாஸ்டனிலிருந்து ரயிலில் போய்விடுங்கள். 1692-ல் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி அப்பாவி மனிதர்களைத் தூக்கில் போட்ட ஊர் அது, அங்கே போய் சூனியக்காரித் தொப்பி வாங்குவது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். அதனால் நான் முதலில் அவர்களுடைய நினைவிடத்துக்குப் போய்விட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

பேய் வீடு விஷயத்தில் ஒன்றே ஒன்று. டிக்கெட் எடுக்கும் முன் வயது வரம்பைப் பாருங்கள், அதிகம் பயமுறுத்தாத பகல் காட்சி இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தை அரைவழியில் அழ ஆரம்பித்தால் அந்த இருட்டில் திரும்பி வருவதற்குள் உங்களுக்கே பேய் பிடித்துவிடும்.

வேஷத்தை மூன்றாவது வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், ஏனென்றால் கடைசி நாட்களில் குழந்தையின் அளவைத் தவிர மற்ற எல்லா அளவும் கடையில் கிடைக்கும். ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். வட மாநிலங்களில் அன்றைக்கு ராத்திரி நல்ல குளிர் இருக்கும், உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும், இல்லையென்றால் ஆசையாகப் போட்ட சிறகுக்கு மேல் தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு குழந்தை அழும். காலில் தடுக்கும் நீளம் வேண்டாம். முகமூடி பார்வையை மறைக்கும், அதற்குப் பதில் முகச்சாயம் நல்லது, அதையும் முந்தின நாளே கையில் கொஞ்சம் தடவி அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். பூனைக்கண் மாதிரி அலங்கார லென்ஸ்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதே அமெரிக்காவில் சட்டவிரோதம், கண்ணே போய்விடலாம், அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்புறம், முகத்தில் கறுப்புப் பூசி வேறு இனத்தவர் போல வேஷம் போடுவது இங்கே பெரிய அவமதிப்பு, விளையாட்டுக்குச் செய்தேன் என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். பள்ளிக்கு வேஷத்தோடு அனுப்புவதாக இருந்தால் கத்தி, துப்பாக்கி பொம்மைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இப்போது பூசணி. நம்மில் பலர் பரங்கிக்காய் என்று சொல்கிற அந்த ஆரஞ்சு நிறக் காய்தான். முதல் வருஷம் நான் ஆர்வத்தில் அக்டோபர் 15-ம் தேதியே வெட்டி வாசலில் வைத்தேன், 25-ம் தேதி அதன் முகம் பல் போன பாட்டி மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டது, 28-ம் தேதி கையால் தூக்க முடியாமல் மண்வாரியால் அள்ளிப் போட்டேன். முழுதாக இருந்தால் பல வாரம் தாங்கும், வெட்டினால் சில நாள்தான். அதனால் 29 அல்லது 30-ம் தேதி வெட்டுங்கள்.

வாங்கும்போது அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும், தோலில் மெத்தென்ற இடம் இருக்கக் கூடாது, காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. எல்லாரும் மேலே மூடி மாதிரி வெட்டுவார்கள், நான் அடியில் வட்டமாக வெட்டிவிடுவேன், பிறகு விளக்கை வைத்து அதன்மேல் பூசணியைக் கவிழ்த்தால் போதும். மேலேதான் வெட்டுவேன் என்றால் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் எடுத்தபின் முகம் வரப்போகும் பக்கத்தை உள்ளேயிருந்து சுரண்டி ஓர் அங்குலக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள், முக்கால்வாசிப் பேர் விடுவது இதைத்தான், கனமான சதையில் வாயும் கண்ணும் வெட்ட வராது, வெளிச்சமும் சரியாக வெளியே வராது. படத்தைக் காகிதத்தில் வரைந்து ஒட்டி, கோட்டின்மேல் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு வெட்டுங்கள். சமையல் கத்தி வழுக்கும், இதற்கென்று விற்கிற சின்ன ரம்பம்தான் பாதுகாப்பு. கண், மூக்கு போன்ற சின்ன ஓட்டைகளை முதலில் வெட்டி, பெரிய வாயைக் கடைசியில் வெட்டுங்கள், வாய் வெட்டியபின் காய் பலமிழந்துவிடும். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், தொளதொள உடையோடு குழந்தைகள் வந்து நிற்கிற இடம் அது, பேட்டரி விளக்கு போதும். சின்னக் குழந்தைகளுக்குக் கரண்டியும் மார்க்கரும் கொடுத்தால் போதும், விதை அள்ளுவதுதான் அவர்களுக்குக் கொண்டாட்டமே. அந்த விதையைக் கழுவி நன்றாகத் துடைத்து, எண்ணெயும் உப்பும் பிசிறி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 15, 20 நிமிடம் வைத்து நடுவே ஒருமுறை கிளறிவிடுங்கள்.

31-ம் தேதி மாலை. வாசல் விளக்கு எரிந்தால் மிட்டாய் உண்டு, எரியவில்லை என்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. இது எழுதாத சட்டம், உங்கள் வீட்டுக்கும் பொருந்தும், மிட்டாய் தீர்ந்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். சில ஊர்களில் நேரத்தை நகராட்சியே அறிவிக்கும், மற்ற இடங்களில் ஆறு மணி வாக்கில் ஆரம்பித்து எட்டரைக்குள் அடங்கிவிடும். 2007 முதல், குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவது நவம்பர் முதல் ஞாயிற்றுக்குப் போய்விட்டதால், 31-ம் தேதி பல ஊர்களில் ஆறு மணிக்குக்கூடக் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை அந்த நேரத்திலேயே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். அயோவாவில் டெ மொயின் என்ற ஊர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் இதை 30-ம் தேதியே நடத்தி வந்தார்கள், குழந்தை ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். நல்ல வழக்கம், நம் தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மிட்டாயில் விஷம் கலந்திருப்பார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பயமுறுத்துவார்கள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தும், முன்பின் தெரியாத யாரோ கொடுத்த மிட்டாயால் குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பிரிந்த உறையைத் தூக்கி எறியுங்கள், அவ்வளவுதான். உண்மையில் பயப்பட வேண்டியது கார்களுக்கு. கறுப்பு வேஷத்தில் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒட்டுங்கள், கையில் டார்ச் கொடுங்கள், தெருவைக் குறுக்கும் நெடுக்கும் கடக்காமல் ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள்.

கொடுக்கிற பக்கம் நீங்கள் என்றால் தனித்தனியாக உறை சுற்றிய சின்ன மிட்டாய்தான் வாங்க வேண்டும், வீட்டில் செய்த பலகாரம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள். வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைகளுக்காக ஸ்டிக்கர், மினுங்கும் குச்சி என்று தனிக் கிண்ணம் வைத்து, வாசலில் நீலப்பச்சை நிறம் பூசிய பூசணியை வையுங்கள், தெரிந்தவர்கள் அந்த நிறத்தைப் பார்த்தே வருவார்கள். பதினைந்து வயதுப் பையன் வேஷம்கூடச் சரியாகப் போடாமல் வந்து நின்றாலும் கொடுத்துவிடுங்கள். வாய் திறந்து 'ட்ரிக் ஆர் ட்ரீட்' (மிட்டாய் தருகிறீர்களா, சேட்டை செய்யட்டுமா) என்று சொன்னால்தான் தருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள், பேச வராத குழந்தைகளும் வருவார்கள்.

வெளியே போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒரு விளையாட்டு நடத்தலாம். விளக்கை அணைத்துவிட்டு ஒரு பேய்க்கதை சொல்லிக்கொண்டே, "இதுதான் அவன் கண்" என்று தோலுரித்த திராட்சையையும், "இது குடல்" என்று ஆறிப்போன ஸ்பகெட்டியையும் இருட்டில் கைமாற்றுங்கள். அலறல் பக்கத்து வீடு வரை கேட்கும். திராட்சை தொண்டையில் சிக்கும் வயதுக் குழந்தைகள் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ராத்திரி பை நிறைய வந்ததைத் தரையில் கொட்டிப் பிரிக்கும்போது நாயை வேறு அறையில் அடைத்துவிடுங்கள், சாக்லேட் அதற்கு விஷம். மிஞ்சியதை அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள், கீழ்த் தட்டு என்றால் நவம்பர் 3-ம் தேதி வரைகூடத் தாங்காது. பூசணியைக் காட்டு ஓரத்தில் வீசாமல், மெழுகு, பெயின்ட் இல்லாமல் இருந்தால் உரக்குழியில் போடுங்கள்.