அத்தையின் நீலம்: ஓவியத்தை இங்க்ஜெட்டில் அசல் போல நகல் எடுப்பது எப்படி

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து அத்தை வரைந்த வாட்டர்கலர் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. 15 அங்குலத்துக்கு 11 அங்குலம், ஓவியர்கள் கால் ஷீட் என்பார்களே, அந்த அளவு. ஜனவரியில் குமாரகிருபா சாலை முழுக்க ஓவியர்கள் கடை விரிக்கும் சித்திர சந்தையில் அதன் நகல்களை வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. போனில் படம் எடுத்து ஒரு கடையில் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நான் போட்டது நீலம். இது கத்தரிக்காய் கலர்ல இல்ல இருக்கு?" என்றார்.

அந்த நீலத்தைத் திரும்பப் பிடிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதில் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை முடியும் வரை அசல் ஓவியம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திரையோடு நகலை ஒப்பிடாதீர்கள், ஞாபகத்தோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

யாருடைய ஓவியம்?

நீங்களே வரைந்த படம் என்றால் கவலை இல்லை. விலை கொடுத்து வாங்கிய படம் என்றால் கவனம் வேண்டும். ஓவியத்தை வாங்கியதாலேயே நகல் எடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. எழுதி வாங்காத வரை அது ஓவியரிடம்தான் இருக்கும். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கிறது. 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் லட்சுமியை யாரும் அச்சிடலாம். உங்கள் ஓவிய ஆசிரியர் வரைந்ததை அவரைக் கேட்காமல் அச்சிடக் கூடாது.

வெளிச்சம்

பாதி வேலை இங்கேதான். பிரிண்டரைப் பற்றி மணிக்கணக்காகப் படிப்பவர்கள் விளக்கைப் பற்றிப் பத்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படத்தை எந்தக் கேமராவும் சரியாக எடுக்காது. சுவரில் தட்டையாகப் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், படத்துக்கு 45 டிகிரி கோணத்தில், ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில். எல்இடி வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்வது அது; 95-க்கு மேல் இருந்தால் நல்லது. சாதாரண வீட்டு பல்பில் அந்த எண் 80 அளவில்தான் இருக்கும், சிவப்பு செத்துப்போய் வரும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இது விளையாட்டல்ல, மஞ்சள் சட்டையின் சாயல் வார்னிஷ் பூசிய ஆயில் பெயின்டிங்கில் அப்படியே தெரியும்.

வெளிச்சம் சமமாக விழுகிறதா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். படத்தின் நடுவில் பென்சிலைச் சுவரிலிருந்து நேரே உங்களை நோக்கி நீட்டிப் பிடியுங்கள். இடமும் வலமும் இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு என்றால் விளக்குகள் சமம். நான்கு மூலைகளிலும் வெளிச்சம் ஒன்றா என்று பார்க்க, படம் இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து ஒரு ஷாட் எடுங்கள். கணினியில் மூலைகளின் வெளிச்ச எண்கள் நடுவோடு ஒத்துப்போகாவிட்டால் விளக்குகளை இன்னும் பின்னால் தள்ளுங்கள்.

ஆயில், அக்ரிலிக் படங்களில் தூரிகைத் தடங்கள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். விளக்குகளின் முன் போலரைசிங் ஷீட்டும், லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசிங் ஃபில்டரும் போட்டால் அந்த மினுக்கல் போய்விடும். ஆனால் தஞ்சாவூர் ஓவியத்தில் இதைச் செய்துவிடாதீர்கள். "எங்க வீட்டுக் கிருஷ்ணரை நகல் எடுத்துக் குடு" என்று கேட்டு வந்த ஒருவருக்காக நான் செய்தேன். தங்க ரேக்கு முழுவதும் கறுத்து, பழைய பித்தளைப் பாத்திரம் போல ஆகிவிட்டது. உலோகம் பிரகாசமாகத் தெரிவதே அது எதிரில் உள்ளதைத் திருப்பிக் காட்டுவதால்தான். அந்தப் பிரதிபலிப்பை ஃபில்டர் தின்றுவிட்டால் தங்கத்துக்கு வேறு நிறம் ஏது? ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி அதன்மேல் வெளிச்சம் போட்டு எடுத்தேன். ரேக்கு அந்த வெள்ளையை வாங்கிப் பொன்னாகத் தெரிந்தது. என்ன செய்தாலும் தாளில் வருவது மஞ்சள் மைதான், மின்னாது. கேட்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேமரா

24 மெகாபிக்சல் கேமரா ஒன்று தாராளம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 6000-க்கு 4000 பிக்சல் படத்தை 300-ஆல் வகுத்தால் 20 அங்குலத்துக்கு 13 அங்குலம் கிடைக்கும். அத்தையின் கால் ஷீட்டுக்கு 4500-க்கு 3300 போதும்.

ட்ரைபாட் கட்டாயம். வைட் ஆங்கிள் லென்ஸ் வேண்டாம், ஓரங்கள் வளையும். மேக்ரோ லென்ஸ் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் விலை குறைந்த 50 எம்எம் லென்ஸே எஃப் 8-இல் கூர்மையாக எடுக்கும். ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா தானாகத் திருத்தாமல் பதியும் மூலக் கோப்பு), இரண்டு வினாடி டைமர்.

கேமராவும் படமும் இணையாக இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் படத்தின் நடுவில் தட்டையாக ஒட்டி வைத்து, கேமரா வழியாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் உங்கள் லென்ஸ் ஃப்ரேமின் சரியான மையத்தில் தெரிய வேண்டும். தெரிந்தால் இணை.

முதல் ஷாட்டில் 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையைப் படத்தின் பக்கத்தில் வைத்து எடுங்கள். அப்புறம் அட்டையை எடுத்துவிட்டு, எதையும் மாற்றாமல் படத்தை மட்டும் எடுங்கள்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு: ஏ4-க்குள் அடங்கும் தட்டையான படம் என்றால் ஸ்கேனரே நன்றாக எடுக்கும். ஆனால் ஒல்லியான, விலை மலிவான ஸ்கேனர்களில் கண்ணாடியைத் தொடாத இடமெல்லாம் மங்கிவிடும். தண்ணீர் பட்டு வளைந்த வாட்டர்கலர் தாளுக்கு அவை உதவாது.

திரை

நகல் இருட்டாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் பிரிண்டரில் இல்லை, மானிட்டர் வெளிச்சத்தில். கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் திரை கண்ணைப் பறிக்கும். அதைப் பார்த்துத் திருத்தினால் படத்தை நாமே இருட்டாக்கிவிடுகிறோம். காலிபரேஷன் கருவி ஒன்றை வாங்கியோ, நண்பரிடம் கடன் வாங்கியோ திரையை அளந்து, வெளிச்சத்தை 80 முதல் 100 கேண்டெலாவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு நாள் திரை அழுது வடிவது போல இருக்கும், பழகிவிடும்.

திருத்தம்

ரா ஃபைலைத் திறந்து, கலர்செக்கரின் சாம்பல் கட்டத்தில் வொய்ட் பேலன்ஸை எடுங்கள், சாம்பல் சாம்பலாகவே தெரியும்படி நிறம் சமனாகும். அட்டையை வைத்தே உங்கள் கேமராவுக்கான நிறப் பிரொஃபைலை (கேமரா நிறங்களில் செய்யும் பிழையைத் திருத்தும் கணக்கு) உருவாக்கும் இலவச மென்பொருள் உண்டு, அதையும் செய்யுங்கள். 16 பிட், அடோபி ஆர்ஜிபி என்ற நிற வெளி, டிஃப் வடிவம் என்று தேர்ந்து சேமியுங்கள்.

இப்போது அந்தக் கத்தரிக்காய் விஷயத்துக்கு வருகிறேன். அத்தை ஏரிக்குப் போட்டது கோபால்ட் நீலம். அந்த நிறமி, நம் கண்ணுக்கு ஏறக்குறைய எட்டாத ஆழ்ந்த சிவப்பு ஒளியை நிறையவே திருப்பி அனுப்பும். நம் கண் அதைப் பொருட்படுத்தாது. கேமராவின் சென்சார் கொஞ்சம் பார்த்துவிடும். நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் ஊதாதானே? கடைக்காரர் மேல் நான் பட்ட கோபத்தில் பாதி அநியாயம். பிரொஃபைல் போட்டதும் பாதி சரியாயிற்று. மீதிக்கு அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீலத்தை மட்டும் தேர்ந்து அதன் சாயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைப் பக்கம் தள்ளினேன். கோபால்டில் மட்டுமல்ல, அல்ட்ராமரீனிலும் இந்தத் தொல்லை வரும். ஃப்ளூரசன்ட் பிங்க், ஆரஞ்சு பூசிய படம் என்றால் விட்டுவிடுங்கள், வழக்கமான மைகளால் அதை எட்ட முடியாது.

படத்தைத் தூக்கிக் காட்டும் வைப்ரன்ஸ், கிளாரிட்டி பொத்தான்களைத் தொட வேண்டாம். நம் வேலை படத்தை அழகாக்குவதல்ல. தூசியை அழிக்கும்போது அசலைப் பார்த்துக்கொண்டே அழியுங்கள். ஏரி நடுவில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து நான் சுத்தம் செய்தேன். "அது நீர்க்காகம்டா" என்றார் அத்தை.

மையும் தாளும்

வீட்டு ஃபோட்டோ பிரிண்டர்களில் பல டை இங்க், அதாவது கரைந்த சாயம், பயன்படுத்துபவை. நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். ஓவிய நகலுக்கு வேண்டியது நுண்ணிய நிறமித் துகள்கள் கொண்ட பிக்மென்ட் இங்க். எப்சன் பி700, கேனான் புரோ-300 போன்றவை பத்து மைகளோடு 13 அங்குல அகலத் தாளில் அடிப்பவை. பத்து நகலுக்காக அவற்றை வாங்காதீர்கள். ஃபைலை நீங்கள் தயாரித்து, பிக்மென்ட் மையில் அச்சிடும் ஸ்டுடியோவில் கொடுப்பதே முதல்முறை செய்பவர்களுக்கு நல்லது. கொடுப்பதற்கு முன் தாளின் பெயரையும் அதன் ஐசிசி பிரொஃபைலையும் (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் ஃபைல்) கேளுங்கள். கேட்டதும் விழித்தால் வேறு இடம் பாருங்கள். விலைப்பட்டியலில் ஷீக்லே என்று இருந்தால் மிரள வேண்டாம். பீய்ச்சுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 1991-இல் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர் உருவாக்கிய பெயர் அது, சாராம்சத்தில் இங்க்ஜெட்தான்.

வாட்டர்கலருக்குப் பருத்தியில் செய்த, பளபளப்பில்லாத மேட் தாள், 300 ஜிஎஸ்எம் அளவில். 1584 முதல் தாள் செய்துவரும் ஹானமூலேயின் ஃபோட்டோ ராக் 308 பலரும் தேர்ந்தெடுப்பது, விலை கொஞ்சம் சுடும். தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருந்தால் நாளடைவில் அது செயலிழந்து தாள் மஞ்சளாகத் தெரியும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைத் தாள்மேல் அடியுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் ரசாயனம் இருக்கிறது. இன்னொன்று, சொரசொரப்பான தாளில் வரைந்த படத்தை மறுபடி சொரசொரப்பான தாளில் அடித்தால் இரண்டு சொரசொரப்பும் மோதிக்கொள்ளும். வழவழப்பான தாளை எடுங்கள்.

அச்சு

ஃபோட்டோஷாப்பில், அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் வசதியைத் திறந்து, தாளின் பிரொஃபைலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். படம் சட்டென்று மங்கும். மேட் தாளில் கறுப்பு அவ்வளவுதான் ஆழம் போகும், பதறாதீர்கள். நிழல் பகுதிகளைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ரெண்டரிங் இன்டென்ட்டில் (மை எட்டாத நிறங்களை எப்படிச் சமாளிப்பது என்ற தேர்வு) ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் இரண்டையும் வைத்து ஆரம்பியுங்கள்.

அச்சிடும்போது நிறத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஃபோட்டோஷாப்பிடம் கொடுத்துவிட்டு, பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் திருத்தினால் படம் முழுக்கச் செம்மை ஏறி வரும். ஒரு வீட்டில் இரண்டு சமையல்காரர்கள் தனித்தனியாக உப்புப் போட்ட கதை. மீடியா டைப்பில் மேட் தாளைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், அதை வைத்துத்தான் பிரிண்டர் மேட் பிளாக் மையை எடுக்கும்.

பருத்தித் தாளில் பஞ்சுத் துகள் இருக்கும். மென்மையான தூரிகையால் தட்டிவிடாமல் அடித்தால், துகள் உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் காற்று வறண்டு இருக்கும்போது மை முனைகள் அடைத்துக்கொள்ளும். சொந்தப் பிரிண்டர் என்றால் வாரம் ஒருமுறை நாசில் செக் (மை முனைகள் சரியாக இருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) போடுங்கள்.

முழுப் படத்தை உடனே அடிக்காதீர்கள். படத்தில் தகராறு பிடித்த மூன்று இடங்களை, எனக்கு ஏரி, வானம், கரையோர நிழல், இரண்டு அங்குலப் பட்டைகளாக வெட்டி ஒரே ஏ4 தாளில் அடியுங்கள். ஈரம் காய்ந்த பின், காலை வேளையில் நேர் வெயில் விழாத ஜன்னலோரம் கொண்டுபோய், பட்டையை அசலின் மேலேயே வைத்துப் பாருங்கள். செய்த மாற்றத்தைப் பட்டையின் பின்னால் பென்சிலில் எழுதுங்கள். எனக்கு ஏழு பட்டை ஆயிற்று. ஐந்தாவதே போதும் என்று நான் நினைத்தேன், அத்தை விடவில்லை.

முழு நகல் வந்ததும் ஒரு நாள் காயவிட்டு, கண்ணாடியில் ஒட்டாதபடி மவுன்ட் அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள். விற்பதாக இருந்தால் கீழ் ஓரத்தில் பென்சிலில் 3/25 (25 நகல்களில் மூன்றாவது) என்பது போல எண்ணும் கையொப்பமும் வேண்டும். 25 என்று எழுதினால் 25-தான், அதற்கு மேல் அடிக்கக் கூடாது.

ஜன்னலோரத்தில் ஒத்துப்போன இரண்டு நீலங்களும், ஹாலில் எல்இடி பல்பைப் போட்டதும் மறுபடி பிரிந்தன. நிறமி வேறு, மை வேறு. வெளிச்சம் மாறினால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதற்கு மருந்து கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் மாட்டாமல் இருந்தால் போதும். அத்தை வீட்டுச் சுவரில் இப்போது தொங்குவது நகல். அசல், அமிலம் இல்லாத தாளில் சுற்றி பீரோவில் இருக்கிறது, அடுத்த பட்டைக்காக.